செவியுள்ள விட்டில்கள்

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்த நூலொன்று நம் மொழியில் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவுயிராக வைக்கிறது. ஊறு, சுவை, நாற்றம், ஒளி ஆகிய நான்கும் அதற்கு உண்டு. ஐந்தாவதாகிய ஓசையறிவு இல்லை என்பது பொருள். பறந்து திரியும் சிற்றுயிர்களில் விட்டிலையும் இதே வரிசையில் நிறுத்துவதே இயல்பு. விளக்கொளியைக் கண்டு வருகிறது, மலரின் மணத்தை நாடுகிறது. காது எங்கே இருக்கிறது அதற்கு? இப்படித்தான் நாமும் எண்ணியிருந்தோம். விட்டில்களின் மிகப் பெரிய கூட்டம் ஒன்றை இன்றைய விலங்கியல் ஒரே குலமாகக் கட்டி வைத்திருப்பதே அவற்றின் காதை வைத்துத்தான் என்று அறிந்தபோது, அந்த வகைப்பாடு உருவான கதையைத் தேடிப் படிக்கும் ஆவல் பிறந்தது. படித்ததில் கிடைத்தது பூச்சிகளின் வரலாறு மட்டுமன்று. பெயரிடுதல் என்னும் தொழிலில் வாழ்நாளைக் கரைத்த மனிதர்களின் வரலாறும் அதில் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. விட்டில் என்பது சில அகராதிகளில் வெட்டுக்கிளியையும் குறிக்கும். வேளாண் நூல்கள் அந்துப்பூச்சி என்கின்றன; வீட்டிலோ அந்து என்றால் அரிசிப் பானையில் பறக்கும் பொடிப்பூச்சிதான் நினைவுக்கு வரும். இக்கட்டுரையில் இரவில் விளக்கை நாடி வரும் பூச்சிகளுக்கெல்லாம் விட்டில் என்ற சொல்லையே ஆள்கிறோம். விளக்கையும் விட்டிலையும் சேர்த்துப் பார்ப்பது தமிழ்க் காதுக்குப் பழகியது என்பதைத் தவிர வேறு நியாயம் இதற்கில்லை.

நாம் பேச எடுத்துக்கொண்ட கூட்டத்துக்கு நாக்டூய்டியா என்று பெயர். இது ஒரு பெருங்குடும்பம். பல குடும்பங்கள் அதனுள் அடங்கும். 2011இல் வெளியான ஒரு கணக்கின்படி உலகில் பெயரிடப்பட்ட வண்ணத்துப்பூச்சி, விட்டில் இனங்கள் மொத்தம் 1,57,424. அவற்றில் 42,407 இந்த ஒரு பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. அதாவது கால் பங்குக்கும் மேல். உலகப் பறவையினங்கள் அனைத்தையும் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. நிலக்கடலையைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்புழு, ஆமணக்கின் காவடிப்புழு, பருத்தியின் பச்சைக் காய்ப்புழு, புகையிலைப் புழு எல்லாம் வளர்ந்து சிறகு பெற்றால் இந்தக் குலத்தில்தான் சேரும். ஆக, ஏட்டில் மட்டும் வாழும் பிரிவு அன்று இது. நம் உழவர்கள் மருந்தடித்த புழுக்களில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது.

அந்தக் காது மார்பின் கடைசிக் கண்டத்தில், வயிறு தொடங்கும் இடத்தருகே இரு பக்கமும் இருக்கிறது. மெல்லிய சவ்வொன்று பறைத்தோல் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதன் பின்னே உள்ள நரம்பணுக்கள் பெரும்பாலான இனங்களில் இரண்டே இரண்டு. நோட்டோடோன்டிடே என்னும் ஒரு குடும்பத்தில் ஒன்றே ஒன்று. மனிதக் காதின் ஆயிரக்கணக்கான அணுக்களோடு ஒப்பிட்டால் இது ஒற்றை நரம்பு யாழ். ஆனால் அந்த இரண்டும் செய்யும் வேலை பெரிது. 1950களில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் ரோடர், ஆஷர் ட்ரீட் என்பவரோடு சேர்ந்து, வௌவால்களின் மீயொலியை விட்டில் கேட்கிறது என்பதை நரம்பின் மின்துடிப்புகளைக் கொண்டே காட்டினார். தொலைவில் வௌவாலின் ஒலி மெல்லக் கேட்டால் விட்டில் எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறது. அருகில் உரக்கக் கேட்டால் சிறகை மடக்கித் தரையை நோக்கி வீழ்கிறது. இந்த ட்ரீட் இன்னொரு விந்தையையும் எழுதியிருக்கிறார். விட்டிலின் காதுக்குள் குடியேறி முட்டையிட்டுப் பெருகும் சின்னஞ்சிறு உண்ணி ஒன்று உண்டு. அது எத்தனை பெருகினாலும் ஒரு காதைத்தான் கெடுக்கும். மற்றக் காதைத் தொடாது. இரு காதும் செவிடானால் வீட்டோடு சேர்த்து வௌவாலின் வாய்க்குப் போக வேண்டியதுதானே!

இந்தக் காது வகைப்பாட்டுக்கு அடிப்படை ஆவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கு முன் எதையெதையோ வைத்து வகுத்துப் பார்த்தார்கள்.

1758இல் ஸ்வீடனின் லின்னேயஸ் தம் சிஸ்டமா நாச்சுரே நூலின் பத்தாம் பதிப்பில் செதிற்சிறகுப் பூச்சிகளையெல்லாம் மூன்றே பேரினங்களில் அடைத்தார். பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் பாப்பிலியோ. அந்தி வேளையில் பறக்கும் பருந்து விட்டில்கள் ஸ்ஃபிங்க்ஸ். மிச்சமெல்லாம் ஃபலேனா. மிச்சம் என்றால் முந்நூற்றுச் சொச்சம் இனங்கள். அந்த மூட்டையை அவரே உட்பிரிவுகளாக்கினார்: பாம்பிக்ஸ், நாக்டுவா, ஜியோமெட்ரா, டார்ட்ரிக்ஸ், பைராலிஸ், டீனியா, அலுசிடா என்று. உட்காரும்போது சிறகை எப்படி வைத்துக்கொள்கிறது, உணர்கொம்பு சீப்பைப் போன்றதா நூலைப் போன்றதா என்பவையே அளவுகோல்கள். நாக்டுவா என்றால் இலத்தீனில் ஆந்தை. ஜெர்மானியர் இன்றும் இவ்விட்டில்களை ஆந்தைகள் என்றே அழைக்கிறார்கள்.

லின்னேயஸிடம் இலக்கண ஆசிரியரின் குணம் இருந்தது என்பது நம் கருத்து. இனப்பெயரின் விகுதியைக் கொண்டே பிரிவு விளங்கும்படி அவர் பெயரிட்டார். டார்ட்ரிக்ஸில் வருபவை 'ஆனா' என முடியும். பைராலிஸில் வருபவை 'ஆலிஸ்' என முடியும். டீனியாவில் வருபவை 'எல்லா'. ஜியோமெட்ராவில் உணர்கொம்பு சீப்பைப் போலிருந்தால் 'ஆரியா', நூலைப் போலிருந்தால் 'ஆட்டா'. பால் காட்டும் விகுதியைப் போல இது பிரிவு காட்டும் விகுதி. நம் ஆமணக்கின் காவடிப்புழுவுக்கு அவர் 1758இல் சூட்டிய பெயர் ஜனாட்டா. (தமிழில் எழுதிப் பார்த்தால் பழைய அரசியல் கட்சி ஒன்றின் பெயர்போல் இருக்கிறது, தொடர்பேதுமில்லை.) அதன் விகுதியே அவர் அதை ஜியோமெட்ராக்களோடு வைத்தார் என்று சொல்லிவிடும். இன்றைக்கு அதன் இடம் வேறு. அக்கேயா ஜனாட்டா என்ற பெயரில் நாக்டூய்டியாவுக்குள் இருக்கிறது. ஆனாலும் விகுதி போகவில்லை. மணமாகி வேறு ஊர் போன பெண் பிறந்த ஊர்ப் பெயரைச் சுமப்பது போல, இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய வீட்டின் அடையாளத்தோடு அது நடமாடுகிறது.

அவருக்குக் கவிதை மனமும் இருந்தது. முன்சிறகு மரப்பட்டை நிறத்தில் இருக்க, அதன் கீழே செக்கச்சிவந்த பின்சிறகை மறைத்து வைத்திருக்கும் ஐரோப்பிய விட்டில்களுக்கு அவர் சூட்டிய பெயர்கள் நுப்டா, ஸ்பான்சா, பாக்டா. மணமகள், நிச்சயிக்கப்பட்டவள், வாக்களிக்கப்பட்டவள் என்று பொருள். பின்னால் வந்தவர்கள் அந்தப் பேரினத்துக்குக் கேட்டோகாலா, அதாவது 'கீழே அழகியது', எனப் பெயர் வைத்தார்கள்.

லின்னேயஸுக்குப் பின் 1775இல் வியன்னாவிலிருந்து ஒரு நூல் வந்தது. எழுதியவர்கள் தெரேசியானம் கல்விக்கூடத்தின் ஆசிரியர்களான மிகயேல் டெனிஸ், இக்னாஸ் ஷிஃபர்மியூலர். இருவரும் ஏசு சபையினர். அச்சபை 1773இல்தான் கலைக்கப்பட்டிருந்தது. இந்த டெனிஸ் இலக்கிய வாசகர் அறிய வேண்டியவர். ஓசியன் பாடல்களை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்த கவிஞர் அவர். தம் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக்கி 'சினெட்' என்ற பாணனாக எழுதியவர். வியன்னாவைச் சுற்றிய விட்டில்களை வகுக்க இவர்கள் கையாண்ட வழி புதியது. சிறகை மட்டும் பார்க்காமல் புழுவைப் பார்த்தார்கள். எந்தச் செடியைத் தின்கிறது, உடலில் மயிர் உண்டா, எப்படி ஊர்கிறது என்று பருவந்தோறும் கவனித்துக் குடும்பம் பிரித்தார்கள். பூச்சியைக் கொன்று குத்தி வைத்தபின் பார்ப்பதற்கும் வளர்த்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்நூலில் தெரிகிறது. அவர்களுடைய சேகரிப்பு 1848இல் வியன்னாப் புரட்சியின்போது அரண்மனை வளாகத்தில் பற்றிய தீயில் அழிந்துபோயிற்று. அவர்கள் சூட்டிய நூற்றுக்கணக்கான பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன; அந்தப் பெயர்களுக்குரிய மூல உடல்கள் இல்லை. மூல ஏடு எரிந்துபோய் உரையாசிரியர்களின் மேற்கோளில் மட்டும் வாழும் நூல்களை அறிந்த நமக்கு இந்நிலை புதிதன்று.

அதே 1775இல் லின்னேயஸின் மாணவர் ஃபப்ரீசியஸ், வாயுறுப்புகளை அடிப்படையாகக் கொண்டு தம் சிஸ்டமா எண்டமாலஜியேவை வெளியிட்டார். லின்னேயஸின் உட்பிரிவுகளாக இருந்த நாக்டுவா முதலியவற்றைத் தனித்தனிப் பேரினங்களாக அவர் உயர்த்தினார். தமிழ்க் கடற்கரை இந்த வரலாற்றில் நுழைவது இங்கேதான். லின்னேயஸின் இன்னொரு மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு டேனிய மிஷனின் மருத்துவராக வந்து சேர்ந்தவர். 1785இல் இறக்கும்வரை இந்த நாட்டுச் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்தவர். அவர் அனுப்பிய பூச்சிகள் பல ஃபப்ரீசியஸின் நூல்களில் பெயர் பெற்றன. புகையிலைப் புழுவின் விட்டிலுக்கு லிட்டுரா என்ற பெயரை ஃபப்ரீசியஸ் கொடுத்ததும் அந்த 1775ஆம் ஆண்டு நூலில்தான். கீழை இந்தியா என்று இடம் குறித்திருக்கிறார். லிட்டுரா என்றால் மெழுகுப் பலகையில் எழுதியதைத் தேய்த்து அழித்த தடம். அதன் முன்சிறகை உற்றுப் பார்த்தால், எழுதி அழித்து மேலே எழுதிய பழுப்புத் தாளைப் போலத்தான் இருக்கிறது. இத்தனை பொருத்தமான பெயரை இட்டவருக்கு அதன் புழு நாற்றங்கால்களில் செய்யும் அட்டகாசம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்த நூறாண்டை விரைந்து கடந்துவிடலாம். நெசவாலைக்குச் சித்திரம் வரைந்து பிழைத்த அவுக்ஸ்பர்க் நகரத்து யாக்கோப் ஹியூப்னர், ஐரோப்பிய விட்டில்களைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, நூற்றுக்கணக்கான பேரினப் பெயர்களை உருவாக்கினார். இலண்டனில் ஃபிரான்சிஸ் வாக்கர் என்பவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் பட்டியல் மேல் பட்டியலாக எழுதிக் குவித்தார். ஒரே பூச்சிக்கு வெவ்வேறு பக்கங்களில் வெவ்வேறு பெயர் வைத்ததும் உண்டு. 1874இல் அவர் மறைந்தபோது ஒரு பூச்சியியல் இதழ் எழுதிய இரங்கல் குறிப்பு, அவர் இருபது ஆண்டு முன்பே போயிருந்தால் நற்பெயராவது மிஞ்சியிருக்கும் என்ற பொருள்பட அமைந்தது. இரங்கல் எழுதுவோர் இத்தனை வன்மம் காட்ட வேண்டுமா என்று தோன்றுகிறது. நிலக்கடலைக் காடுகளில் கோடை மழைக்குப் பின் கூட்டங்கூட்டமாக மண்ணிலிருந்து வெளிவரும் சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சிக்கு ஆல்பிஸ்ட்ரைகா என்று பெயர் வைத்தவர் அந்த வாக்கர்தான். பெயர் இன்றும் நிற்கிறது. இலங்கையில் பேராதனைத் தோட்டத்து ஓவியர்களான டி அல்விஸ் குடும்பத்தார் வரைந்த படங்களைத் துணைக்கொண்டு ஃபிரடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை இலங்கைச் செதிற்சிறகிகளைப் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டார். பெயரை அட்டையில் தாங்கியவர் மூர். பூச்சியையும் புழுவையும் செடியையும் கண்முன் நிறுத்தியவர்கள் அந்த ஓவியர்கள்.

இனி நீலகிரிக்கு வருவோம். ஜார்ஜ் ஃபிரான்சிஸ் ஹாம்ப்சன் 1860இல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், தேயிலை பயிரிட நீலகிரிக்கு வந்தவர். தேயிலையைவிட விட்டில்கள் அவரை அதிகம் பற்றிக்கொண்டன. இங்கிலாந்து திரும்பியபின் 1889இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊதியமில்லாத் தொண்டராகச் சேர்ந்தார். 1891இல் நீலகிரி மாவட்ட விட்டில்கள் பற்றிய அவர் நூல் வந்தது. 1892 முதல் 1896 வரை பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் விட்டில்களுக்கு மட்டும் நான்கு தொகுதிகள். பின்பு 1898இல் தொடங்கி உலக விட்டில்கள் அனைத்துக்கும் ஒரு பட்டியல். பதின்மூன்று தொகுதிகளும் இரண்டு இணைப்புகளுமாக 1920 வரை அது வந்துகொண்டே இருந்தது. அதில் நாக்டுவிடே குடும்பத்துக்கு மட்டும் 1903 முதல் 1913 வரை பத்துத் தொகுதிகள். அப்போதும் அக்குடும்பம் முடிந்தபாடில்லை. உலகை முழுதும் எழுதிவிடலாம் என்று நம்பிய தலைமுறையின் கடைசி மனிதர்களுள் ஒருவர் என்று அவரைச் சொல்லலாம்.

அவர் பிடித்த இழை சிறகு நரம்பு. செதிலை நீக்கிவிட்டு ஒளியில் பிடித்தால், விட்டிலின் சிறகில் இலை நரம்புகளைப் போலக் கோடுகள் ஓடுவதைக் காணலாம். ஹாம்ப்சன் அவற்றுக்கு எண் கொடுத்திருந்தார். ஐந்தாம் எண் நரம்புதான் தீர்ப்புச் சொல்வது. பின்சிறகில் அது வலுவாகவும் நான்காம் நரம்புக்கு அண்மையில் கிளைப்பதாகவும் இருந்தால், கீழ்த்தண்டு நான்கு கிளை விட்டதுபோல் தோன்றும். அது நாற்கிளைப் பிரிவு. மெலிந்து நடுவிலிருந்து கிளைத்தால் மூன்றே கிளை தோன்றும். அது முக்கிளைப் பிரிவு. இந்த அளவுகோல் எளிமையானது; உலகின் எந்த மூலையிலிருந்து வந்த உலர்ந்த பூச்சிக்கும் பொருந்தும்; புழுவை வளர்த்துப் பார்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பல்லாயிரம் பூச்சிகள் பெட்டியில் வந்து குவியும் பேரரசுத் தலைநகரில் வேறெப்படி வேலை நடக்கும்? ஏறத்தாழ நூறாண்டு அந்த நரம்பைக் கொண்டே உலகம் விட்டில்களை அடுக்கியது. கோவையில் வேளாண் பூச்சியியல் வேரூன்றிய காலமும் அதுவே. பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1914இல் சென்னையில் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் நூலும், டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் 1940ஆம் ஆண்டுக் கையேடும் அந்தத் தலைமுறையின் விளைச்சல்கள்.

ஹாம்ப்சன் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே அமெரிக்காவில் வில்லியம் ஃபோர்ப்ஸ் என்பவர் விட்டிலின் காதை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். 1916இல் அதைப் பற்றி எழுதினார். எல்லா விட்டிலுக்கும் காது ஒரே இடத்தில் இல்லை. ஜியோமெட்ராக்களுக்கும் பைராலிஸ்களுக்கும் அது வயிற்றின் அடியில்; நாக்டுவாக்களுக்கும் அவற்றின் உறவினருக்கும் மார்பின் பின்கண்டத்தில். இடம் வேறானால் பிறப்பும் வேறு. மார்பில் காது கொண்டவையெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்ற கருத்து இப்படி உருப்பெற்று, பெருங்குடும்பம் உறுதியாயிற்று. அது இன்றுவரை அசையவில்லை. 2019இல் அக்கிட்டோ கவஹாரா முதலியோர் வெளியிட்ட ஆய்வு, செதிற்சிறகிகளில் காது குறைந்தது ஒன்பது முறை தனித்தனியே தோன்றியது என்றும், சில கிளைகளில் ஒலியெழுப்பி வேட்டையாடும் வௌவால்கள் தோன்றுவதற்கு முன்பே தோன்றிவிட்டது என்றும் சொல்கிறது. வௌவாலுக்காகவே காது வந்தது என்ற அழகிய கதையை அப்படியே வைத்துக்கொள்ள இயலாது. வேறெதையோ கேட்கப் பிறந்த காது, வௌவால் வந்தபின் அதற்குப் பயன்பட்டிருக்கிறது.

பெருங்குடும்பத்தின் மதில் உறுதி. உள்ளே அறைகளைப் பிரித்ததில்தான் வழக்கு. மயிரடர்ந்த புழுக்களையும் வண்ணச் சிறகுகளையும் உடைய புலிவிட்டில்கள் ஆர்க்டிடே என்ற தனிக் குடும்பம். ஆர்க்டோஸ் என்றால் கிரேக்கத்தில் கரடி. புழுவின் மயிரைக் கண்டு வைத்த பெயர். நம் சிவப்புக் கம்பளிப்புழு இதில் அடங்கும். மயிர்க்குச்சம் கொண்ட புழுக்களின் லைமான்ட்ரிடே இன்னொரு தனிக் குடும்பம். எஞ்சியவை, முக்கிளையும் நாற்கிளையுமாக, நாக்டுவிடே. பார்வைக்கு இது சரியாகத்தான் இருந்தது. ஆனால் 1990களிலும் 2000ஆம் ஆண்டை ஒட்டியும் மரபணு வரிசைகளை ஒப்பிட்டவர்கள் கண்டது வேறு. நாற்கிளை விட்டில்கள் முக்கிளை விட்டில்களைவிடப் புலிவிட்டில்களுக்கும் லைமான்ட்ரிடேக்கும் நெருங்கிய உறவினர். மூன்றின் முதலெழுத்துகளையும் சேர்த்து 'லாக்' கூட்டம் என்று ஆய்வாளர் அதற்கு ஒரு தற்காலிகப் பெயர் வைத்தார்கள்.

இதன் பொருளை ஒரு குடும்பக் கதையாகச் சொல்லிப் பார்க்கலாம். ஒரு பாட்டனுக்கு ஐந்து பிள்ளைகள். இருவர் வேறு தெருவில் மாடி வீடு கட்டிக்கொண்டு, உடையும் தோற்றமும் மாறி, புதுக் குலப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். மற்ற மூவரும் பழைய தெருவிலேயே இருந்துகொண்டு, எதிர்வீட்டுக்காரரின் குலப்பெயரில் கணக்கெழுதப்பட்டார்கள். எல்லார் உடையும் ஒன்றாயிருந்ததுதான் காரணம். உடையைப் பார்த்து எழுதிய கணக்கு அது. இரத்தத்தைப் பார்த்தால் ஐவரும் ஒரு வீடு. நாற்கிளை நரம்பும் அப்படிப்பட்ட பழைய உடைதான். முன்னோர் எல்லாரிடமும் இருந்த ஒன்று சிலரிடம் மாறாமல் நின்றதே தவிர, அவர்களைத் தனியே சேர்க்கும் அடையாளம் அன்று. நாற்கிளை நரம்பு உடைய பிளூசியா விட்டில்கள் முக்கிளைக்காரர்களோடு உறவாகிப் போனதும் இதையே காட்டியது.

பிறகு நடந்ததில் சிறிது நகைச்சுவையும் உண்டு. 2005இல் டென்மார்க்கின் மிகயேல் ஃபிபிகரும் கனடாவின் டொனால்ட் லாஃபோன்டேனும் சேர்ந்து, நாற்கிளை விட்டில்களை நாக்டுவிடேயிலிருந்து பிரித்து எரிபிடே என்னும் தனிக் குடும்பமாக்கினார்கள். மறு ஆண்டே, 2006இல், அதே இருவர் மனத்தை மாற்றிக்கொண்டு, எரிபிடேயையும் ஆர்க்டிடேயையும் லைமான்ட்ரிடேயையும் பிறவற்றையும் நாக்டுவிடே என்ற ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தார்கள். பூச்சிப்பெட்டிகளின் சீட்டை ஓராண்டுக்குள் இருமுறை மாற்ற நேர்ந்த அருங்காட்சியகப் பணியாளர்களை நினைத்தால் இரக்கம் வருகிறது. 2011இல் ரெசா சஹீரி முதலிய ஏழு பேர் 152 இனங்களின் எட்டு மரபணுப் பகுதிகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வுதான் இந்த ஆட்டத்தை நிறுத்தியது. லாஃபோன்டேனும் அந்த எழுவரில் ஒருவர். இந்தக் குடும்பத்தின் வகைப்பாட்டு வரலாற்றை 1984இலேயே விரிவாக எழுதியிருந்த இயன் கிட்சிங்கும் ஒருவர். அவர்கள் கண்ட குடும்பங்கள் ஆறு. எரிபிடே 24,569 இனங்களோடு முதலிடம் பெற்றது. நாக்டுவிடே 11,772ஆகச் சுருங்கியது. நோட்டோடோன்டிடே, நோலிடே, யூடெலிடே ஆகியன நடுவில். கடைசியில் எட்டே இனங்கள் கொண்ட ஆஸ்திரேலிய ஈனோசான்ட்ரிடே. ஆர்க்டிடேயும் லைமான்ட்ரிடேயும் குடும்பத் தகுதியை இழந்து எரிபிடேயின் துணைக்குடும்பங்கள் ஆயின. 2012இல் அதே குழுவினர் எரிபிடேயைப் பதினெட்டுத் துணைக்குடும்பங்களாக வகுத்தார்கள்.

எரிபிடே என்ற பெயர் புதிதன்று. எரிபஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் ஆதி இருள். அந்தப் பெயரிலான பேரினத்தின் பெரிய கரும்பழுப்பு விட்டில்கள் நம் மலையோரங்களிலும் உண்டு. குடும்பப் பெயரை இட்டவர் வில்லியம் எல்ஃபோர்ட் லீச், ஆண்டு 1815. மூத்த பெயருக்கே உரிமை என்பது விலங்கியல் சட்டம். ஆகவே இருநூறாண்டுப் பழஞ்சொல் தூசு தட்டி எடுக்கப்பட்டது. இந்த லீச்சும் டெனிஸைப் போல எழுத்து விளையாட்டில் ஈடுபட்டவர். கரோலின், கரோலினா என்ற பெண்பெயர் வடிவங்களின் எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கி, சிரோலானா, நெரோசிலா, கொனிலெரா எனக் கடல்வாழ் உயிர்களுக்குப் பெயர் சூட்டினார். அந்தப் பெயர்களும் இன்றுவரை செல்லுபடியாகின்றன. பணிச்சுமையில் உடல்நலம் கெட்டு, அருங்காட்சியகப் பணியை விட்டு, 1836இல் இத்தாலியில் வாந்திபேதியால் இறந்தார். தம் பெயரிட்ட குடும்பம் ஒரு நாள் விட்டில்களின் மிகப் பெரிய குடும்பமாக எழும் என்று அவர் எண்ணியிருக்க வழியில்லை.

புலிவிட்டில்கள் குடும்பத் தகுதி இழந்ததை ஏற்க முடியாத பூச்சி ஆர்வலர்கள் உண்டு. நூறாண்டு வழங்கிய பெயரை மரபணுக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள் என்பது அவர்கள் குறை. அந்தக் குறையில் நியாயம் இல்லாமலில்லை; பெயர் என்பது புழங்குவோர் சொத்தும்தான். ஆயினும் உறவு என்பதே வகைப்பாட்டின் அடிப்படை என்று டார்வினுக்குப் பின் ஒப்புக்கொண்டால், உடையைப் பார்த்து எழுதிய கணக்கைத் திருத்தாமல் விட முடியாது. இதனால் ஹாம்ப்சன் வீழ்ந்தார் என்று சொல்வதையும் நாம் ஏற்கவில்லை. அவர் பிரித்த பெட்டிகள் மாறின. பெட்டிக்குள் அவர் கண்டு விளக்கிய இனங்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. நீலகிரியின் விட்டில் எதையும் பெயர் சொல்லி அறிய விரும்புவோர் இன்றும் அந்த நான்கு தொகுதிகளைத்தான் முதலில் விரிக்கிறார்கள்.

பெயர் மாற்றத்தின் தடம் வயலிலும் இருக்கிறது. பச்சைக் காய்ப்புழுவை நம் பருத்தி விவசாயிகள் ஹீலியோதிஸ் என்றே சொல்லிப் பழகியவர்கள். ஹார்ட்விக் என்ற கனடா நாட்டு அறிஞர் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பைக் கொண்டு 1965இலேயே அதை ஹெலிகோவெர்ப்பா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார். மருந்துக்கடைப் பேச்சில் பழைய பெயரே ஓடுகிறது. லிட்டுராவும் அப்படியே. ஸ்போடோப்டெரா ஆகிப் பல காலம் ஆனபின்னும் கிராமத்தில் அது புரோடீனியாதான். கைவிடப்பட்ட இலத்தீன் பெயர்கள் தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் அடைக்கலம் பெற்றதை எந்த மொழியியலாளராவது தனியே ஆராயலாம்.

2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமோகா மாவட்டத்தில், மக்காச்சோளக் குருத்துகளைக் குடைந்து தின்னும் ஒரு புழு காணப்பட்டது. அவ்வாண்டிலேயே அது தமிழகத்து மக்காச்சோளத்தையும் சூறையாடியது. அமெரிக்கப் படைப்புழு என்று இன்று எல்லாரும் அறிந்த அதன் உறவுமுறை நாக்டுவிடே, லிட்டுராவின் பேரினமே. எந்தப் புழு என்பது தெரியாமல் எந்த மருந்து, எந்த இனக்கவர்ச்சிப் பொறி என்று தீர்மானிக்க முடியாது. வேளாண் அலுவலர்கள் உழவருக்குச் சொல்லிக்கொடுத்த அடையாளம் சிறகு நரம்பு அன்று, காதும் அன்று. புழுவின் முகத்தில் தலைகீழாக எழுதிய ஆங்கில 'ஒய்' எழுத்து. வால்பக்கத்துக் கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். டெனிஸும் ஷிஃபர்மியூலரும் 1775இல் செய்ததுபோலப் புழுவை நேரே பார்த்தறியும் வழி அது. ஆய்வுக்கூடத்தில் மரபணு வரிசையும் அதையே சொல்லிற்று. அந்தப் படைப்புழுவுக்கு 1797இல் முதலில் சூட்டிய பெயர் ஃபலேனா ஃப்ரூஜிபெர்டா; விளைச்சலைத் தொலைப்பது என்பது பின்சொல்லின் பொருள். சூட்டியவர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித். லின்னேயஸ் மறைந்தபின் 1784இல் அவருடைய செடிகளையும் பூச்சிகளையும் ஏடுகளையும் விலைக்கு வாங்கி இலண்டனுக்குக் கொண்டுவந்தவர் அவர். முந்நூற்றுச் சொச்சம் ஃபலேனாக்களில் அன்று வந்து சேர்ந்தவை, அங்கே லின்னேயச் சங்கத்தின் நிலவறையில் இன்றும் இருக்கின்றன.